பயாப்ஸி ரிப்போர்ட்டுக்கு ஏன் நாலு நாள்? ஒரு சதைத் துண்டு ஸ்லைடாக மாறும் விதம்

எங்கள் லேபின் கவுன்ட்டரில் வாரத்துக்கு நாலு பேராவது இதைக் கேட்பார்கள்.

"சார், சக்கரைக்கு ரத்தம் குடுத்தா மத்தியானமே ரிப்போர்ட் தந்துடுறாங்க. இதை நேத்து காலைலயே குடுத்துட்டோம். இன்னும் வரலைன்னா என்ன அர்த்தம்?"

கடைசியாகக் கேட்டவர் கடலூர் முதுநகர்க்காரர். அம்மாவுக்கு மார்பில் கட்டி. ஊசி வைத்து எடுத்த சதை ஒரு சின்ன பாட்டிலில் எங்களிடம் வந்திருந்தது. பஸ் பிடித்துப் புதுச்சேரி வந்தவர், "நாளை மறுநாள் வாங்க" என்ற பதிலோடு திரும்ப வேண்டியிருந்தது. முகத்தில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். "இத்தனை நாள் ஆகுதுன்னா பெரிய வியாதியா இருக்குமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் படி இறங்கினார்.

நாள் ஆவதை வைத்து வியாதியின் அளவைக் கணக்குப் போடவே முடியாது. ஒன்றுமில்லாத கொழுப்புக் கட்டிக்கும் அதே நாலு நாள்தான். ஏன் என்று கவுன்ட்டரில் வரிசை நிற்கும்போது சொல்லி முடிக்க முடியவில்லை. 19 வருடமாக ஹிஸ்டோபேத்தாலஜி லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். உடம்பிலிருந்து எடுத்த சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயைக் கண்டறியும் பிரிவு அது. ஆஸ்பத்திரியில் சுருக்கமாக 'ஹிஸ்டோ' என்போம். அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பொறுமையாகச் சொல்கிறேன்.

பயாப்ஸி என்றால் கேன்சர் என்று அர்த்தமில்லை

பயாப்ஸி என்பது சோதித்துப் பார்ப்பதற்காக உடம்பிலிருந்து சதையைக் கொஞ்சம் எடுப்பது. அவ்வளவுதான். ஆபரேஷனில் எடுத்த குடல்வால், பித்தப்பை, கர்ப்பப்பை எல்லாம் முழுசாக எங்களிடம் வரும். வயிற்றுப் புண்ணுக்கு எண்டோஸ்கோப்பியில் கிள்ளி எடுத்த அரிசி அளவு துண்டு வரும். தோலில் உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் தொழுநோயா என்று பார்க்க வரும். கழுத்தில் நெறி கட்டினால் டி.பி.யா என்று பார்க்க வரும். இவற்றில் பெரும்பாலானவை கேன்சர் இல்லை.

"சதையில் கை வைத்தால் பரவிவிடும்" என்ற பேச்சும் ஊரில் உண்டு. எந்தக் கட்டியை ஊசியால் தொடலாம், எதை முழுசாக எடுத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று சர்ஜனுக்குத் தெரியும். அதைப் பார்த்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்கிறார். இந்தப் பயத்தால் ஆறு மாதம் தள்ளிப்போட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனசு கஷ்டமாகிறது. தள்ளிப்போட்ட அந்த ஆறு மாதத்தில் கட்டி வளர்ந்திருக்கும்.

ரத்தம் உடனே, சதை மெதுவாக: ஏன்?

மைக்ராஸ்கோப் கீழிருந்து மேலே வெளிச்சம் அனுப்பிப் பார்க்கும் கருவி. பார்க்கும் பொருளுக்குள் வெளிச்சம் ஊடுருவ வேண்டும். ரத்தத்தில் செல்கள் தனித்தனியாக மிதக்கின்றன. ஒரு சொட்டை ஸ்லைடில், அதாவது சின்னக் கண்ணாடித் தகட்டில், வைத்து இழுத்தால் ஒற்றை அடுக்காகப் பரவிவிடும். சர்க்கரை அளவுக்கு அதுகூட வேண்டாம், மெஷினே அளந்துவிடும்.

சதை அப்படி இல்லை. செல்கள் செங்கல் சுவர்போல அடுக்கடுக்காக இருக்கின்றன. சுவரின் ஊடே வெளிச்சம் போகாது. அதனால் சதையை மிக மெல்லிசாகச் சீவ வேண்டும். எவ்வளவு மெல்லிசு? 3 முதல் 5 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அந்த முடியின் தடிமனுக்குள் எங்கள் சீவல் குறைந்தது பதினாலு அடங்கும்.

பேக்கரியில் அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டியை வெட்டிப் பார்த்திருக்கிறீர்களா? கத்தி பட்டதும் அமுங்கிப் பிசுபிசுவென்று ஒட்டும். ஆறி இறுகிய பிறகுதான் ஸ்லைஸ் நேராக வரும். பச்சைச் சதை சூடான ரொட்டியைவிடப் பல மடங்கு மெத்தென்றது, அதில் முக்கால்வாசி தண்ணீர். அதை முடியைவிட மெல்லிசாகச் சீவ வேண்டுமானால், முதலில் அது கெடாமல் இருக்க வேண்டும். பிறகு உள்ளும் புறமும் ஒரே சீராக இறுக வேண்டும். அந்த நாலு நாளில் பெரும்பகுதி இந்த இரண்டுக்காகத்தான் போகிறது.

முதல் கட்டம்: கருவாட்டிலிருந்து ஃபார்மலினுக்கு

உடம்பிலிருந்து பிரிந்த நிமிஷத்திலிருந்து சதை கெட ஆரம்பிக்கிறது. செல்லுக்குள் இருக்கும் நொதிகளே செல்லைக் கரைக்கத் தொடங்கும். வெளியிலிருந்து கிருமிகளும் சேர்ந்துகொள்ளும். மீன் பிடித்துக் கரைக்கு வந்தபின் நடப்பது இதுதான். கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு அதைத் தடுக்கும் வழியும் தெரியும்: உப்பு போடுவது.

முதுநகர் துறைமுகப் பக்கம் கருவாடு காயப் போடுவதைப் பார்த்தால் ஒன்று கவனத்துக்கு வரும். நெத்திலியை அப்படியே காயப் போடுவார்கள். சுறாவை அப்படிப் போட மாட்டார்கள். வயிற்றைக் கீறி, விரித்து, சதையில் ஆழமாகக் கோடு போட்டுத்தான் உப்பை அப்புவார்கள். கீறாமல் விட்டால் வெளித்தோலில் உப்பு இருக்கும், நடுவில் அழுகியிருக்கும்.

எங்கள் உப்பு ஃபார்மலின். மீன் மார்க்கெட்டில் சோதனை நடந்த செய்திகளில் பலரும் கேள்விப்பட்ட அதே பொருள்தான். சாப்பிடும் மீனில் அது இருக்கவே கூடாது. சோதிக்கும் சதைக்கு அது இல்லாமல் முடியாது. ஃபார்மால்டிஹைடு என்ற வாயுவைத் தண்ணீரில் கரைத்தது அது. கடையில் வரும் கெட்டிக் கரைசலில் கிட்டத்தட்ட 40 சதவீதம் ஃபார்மால்டிஹைடு இருக்கும். அதில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்து, அமிலமாகாமல் இருக்க உப்புகள் கலந்து வைப்போம்.

இதன் குணம் கண்டுபிடிக்கப்பட்ட விதம் எனக்குப் பிடிக்கும். 1893-ல் ஃபெர்டினாண்ட் ப்ளூம் என்ற ஜெர்மன் மருத்துவர் இது கிருமிகளைக் கொல்லுமா என்று சோதித்துக்கொண்டிருந்தார். வேலை செய்யச் செய்ய அவருடைய விரல் தோல் விறைத்துப்போனதைக் கவனித்தார். விரலுக்கு ஆவது சதைத் துண்டுக்கும் ஆகும் என்று அவர் போட்ட கணக்கு இன்றுவரை உலகம் முழுக்க நிற்கிறது.

கருவாட்டு உவமை இங்கே முடிகிறது. உப்பு தண்ணீரை உறிஞ்சிக் காப்பாற்றுகிறது. ஃபார்மலின் தண்ணீரை எடுப்பதில்லை. சதையிலுள்ள புரதங்களுக்கு இடையே கொக்கி மாட்டி, ஒன்றோடு ஒன்றைக் கட்டிவிடுகிறது. உடம்பில் இருந்தபோது எது எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில் நின்றுவிடும், நொதிகளும் செயலிழந்துவிடும். இதற்கு நாங்கள் சொல்லும் பெயர் ஃபிக்ஸேஷன், நிலைப்படுத்துதல்.

ஃபார்மலின் சதைக்குள் மெதுவாகத்தான் இறங்கும். தோராயமாக மணிக்கு ஒரு மில்லிமீட்டர், உள்ளே போகப் போக இன்னும் மெதுவாக. எண்டோஸ்கோப்பித் துண்டு நெத்திலி மாதிரி, சில மணி நேரத்தில் முடிந்துவிடும். மார்பகமோ கர்ப்பப்பையோ முழுசாக வந்தால் அது சுறா. கீறி விரித்துத்தான் ஊறவைக்க வேண்டும். சதையைப்போல் பத்து மடங்காவது ஃபார்மலின் இருக்க வேண்டும்.

இந்தக் கட்டம் எங்கள் லேபில் தொடங்குவதில்லை, ஆபரேஷன் தியேட்டரில் தொடங்குகிறது. அதனால்தான் இதில் பிழையும் அதிகம். ஒரு முறை ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து கழுத்துக் கட்டி ஒன்று வந்தது. எலுமிச்சை அளவு இருக்கும். அதை வாய் குறுகிய பிளாஸ்டிக் பாட்டிலில் திணித்திருந்தார்கள். பச்சையாக இருந்தபோது நெளிந்து உள்ளே போய்விட்டது. நான் திறந்தபோது விறைத்திருந்தது, வெளியே வரவில்லை. பாட்டிலை வெட்டித்தான் எடுத்தேன். சுற்றிலும் ஃபார்மலினுக்கு இடமே இல்லாததால் நடுப்பகுதி வெளிறாமல் பச்சை ரத்தச் சிவப்பாகவே இருந்தது, நாற்றமும் வந்தது. ஓரத்தை மட்டும் வைத்து டாக்டர் ஏதோ சொல்ல முடிந்தது. அந்த நோயாளிக்கு இன்னொரு முறை கத்தி வைத்து எடுக்க வேண்டியிருந்திருந்தால் எவ்வளவு பெரிய கொடுமை.

இதைவிட அடிக்கடி நடப்பது, ஃபார்மலின் இல்லை என்று சலைனில் போட்டு அனுப்புவது. சலைன் உப்புத் தண்ணீர், எதையும் நிறுத்தாது. ராத்திரி முழுக்க அதில் கிடந்த சதை காலையில் கூழாகத் தொடங்கியிருக்கும். ஃப்ரீசரில் வைப்பதும் தப்பு. உள்ளே ஐஸ் படிகம் உருவாகிச் செல்களைக் கிழித்துவிடும். ஸ்லைடில் சல்லடை மாதிரி ஓட்டை தெரியும்.

ஒரு விஷயத்தில் சலைன் சரி. டி.பி. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட்டுக்குக் கிருமி உயிரோடு இருக்க வேண்டும். ஃபார்மலின் அதைக் கொன்றுவிடும். அதனால் டி.பி. சந்தேகம் இருந்தால் இரண்டு பாட்டில்: ஹிஸ்டோவுக்கு ஃபார்மலினில், கல்ச்சருக்குச் சலைனில்.

மார்பகக் கட்டிக்கு இன்னும் கண்டிப்பு. எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் விழ வேண்டும். குறைந்தது 6 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம் ஊற வேண்டும். ஹார்மோன் மருந்து கேட்குமா, கேட்காதா என்று பார்க்கும் அடுத்த டெஸ்ட் இதைப் பொறுத்தே சரியாக வரும். முதுநகர்க்காரரின் அம்மாவுடைய சதை முதல் நாள் முழுக்கப் பாட்டிலில் சும்மா கிடந்ததாக அவர் நினைத்தார். அது ஊறிக்கொண்டிருந்தது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: சதையைச் சீவினால்தான் வெளிச்சம் ஊடுருவும். சீவும் முன் அது கெடாமல் நிற்க வேண்டும். அதற்குத்தான் ஃபார்மலின். அவசரப்பட்டால் நடுப்பகுதி பச்சையாகவே இருந்துவிடும்.

இரண்டாம் கட்டம்: தண்ணீர் வெளியே, மெழுகு உள்ளே

மறுநாள் காலை டாக்டர் சதையை வெறுங்கண்ணால் பார்த்து, அளந்து, நிறம் எழுதி, தேவையான இடங்களிலிருந்து 3, 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள துண்டுகளை வெட்டிக் கொடுப்பார். இந்த டாக்டர்தான் பேத்தாலஜிஸ்ட். கடைசியில் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுபவரும் அவர். ஒவ்வொரு துண்டும் ஓட்டைகள் உள்ள சின்ன பிளாஸ்டிக் பெட்டிக்குள் போகும். அது கேசட். அதன் மேல் நம்பரைப் பென்சிலால் எழுதுவோம். புதிதாக வரும் பிள்ளைகள் பேனாவை எடுப்பார்கள். பேனா மை அன்று ராத்திரியே கரைந்துவிடும், காலையில் இருபது கேசட்டும் பெயரில்லாமல் நிற்கும்.

சதை ஃபார்மலினில் விறைத்தாலும் சீவும் அளவுக்கு இறுகவில்லை. உள்ளே இன்னும் தண்ணீர். அந்தத் தண்ணீர் இருந்த ஒவ்வொரு இடத்திலும் மெழுகை நிரப்பிவிட்டால் சதையும் மெழுகும் ஒரே கட்டியாகிவிடும். ஆனால் தண்ணீரும் மெழுகும் ஒட்டாது.

தமிழ் மட்டும் தெரிந்த பாட்டியும் ஜப்பான் மொழி மட்டும் தெரிந்த விருந்தாளியும் பேச வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை. தமிழும் பிரெஞ்சும் தெரிந்த ஒரு புதுச்சேரிக்காரரும், பிரெஞ்சும் ஜப்பான் மொழியும் தெரிந்த இன்னொருவரும் நடுவில் நின்றால் பேச்சு நடக்கும். இங்கே முதல் ஆள் ஆல்கஹால், தண்ணீரோடு கலக்கும். இரண்டாவது ஆள் சைலீன் என்ற கரைப்பான். ஆல்கஹாலோடும் கலக்கும், மெழுகோடும் கலக்கும்.

ஆல்கஹாலில் 70 சதவீதத்தில் தொடங்கிப் படிப்படியாக 100 வரை ஏற்றுவோம். ஒரேயடியாக 100-ல் போட்டால் சதை சுருண்டுவிடும். பிறகு சைலீன். பிறகு 60 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் உருகிய பாரஃபின் மெழுகு. இதையெல்லாம் டிஷ்யூ புராசஸர் என்ற மெஷின் ராத்திரி முழுக்கத் தானாகச் செய்யும். சாயங்காலம் ஏற்றினால் காலையில் இறக்கலாம்.

மெஷின் செய்தாலும் ஊரின் காற்றை அது மாற்ற முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் புதுச்சேரிக் காற்றில் ஈரம் சொட்டும். 100 சதவீத ஆல்கஹால் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மூடி சரியாக இல்லாத ஜாடி சில நாளில் 100 ஆக இருக்காது. அது எப்படித் தெரியும்? அடுத்த ஜாடியிலுள்ள சைலீன் கண்ணாடிபோல் இல்லாமல் பால் கலந்த மாதிரி வெளுத்துவிடும். சைலீன் வெளுத்தால் சதைக்குள் தண்ணீர் மிச்சம் இருக்கிறது, அந்த இடத்தில் மெழுகு ஏறாது. காலையில் வந்ததும் நான் முதலில் பார்ப்பது அந்த ஜாடியைத்தான்.

அப்புறம் கரண்ட். 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. முந்தின நாள் சாயங்காலம் எங்கள் மூத்த டெக்னீஷியன் ஒரு கேசட்டைக்கூட மெஷினில் ஏற்ற விடவில்லை. "எல்லாம் ஃபார்மலின்லயே கெடக்கட்டும். அங்க இருந்தா ரெண்டு நாள் தாங்கும். பாதி வழில நின்னா வீணாப் போயிடும்" என்றார். அன்று இரவு காற்றில் கம்பங்கள் சாய்ந்து, கரண்ட் வர எத்தனை நாளானது என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். ஆல்கஹாலில் மாட்டிக்கொண்ட சதை நாள் கணக்கில் கிடந்தால் காய்ந்த சருகுபோல் நொறுங்கும். அவர் அன்று எடுத்த முடிவால் ஒரு நோயாளியின் சதையும் போகவில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் வந்தபோது நாங்களும் அதையே செய்தோம்.

பலாப்பழத்தை எந்தப் பக்கம் வெட்டுவது?

காலையில் மெழுகேறிய துண்டை உலோக அச்சில் வைத்து, மேலே உருகிய மெழுகை ஊற்றி, ஐஸ் தட்டில் வைத்தால் தீப்பெட்டி மாதிரி ஒரு கட்டி கிடைக்கும். இதைப் பிளாக் என்போம். இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உங்களுக்குத் தேவைப்படும்.

அச்சில் துண்டை எந்தப் பக்கமாக வைக்கிறோம் என்பதில்தான் விஷயம். பண்ருட்டி பலாப்பழத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்தோலை ஒட்டிச் சீவினால் முள் மட்டும்தான் தெரியும். முள்ளில் தொடங்கி நடுத்தண்டு வரை குறுக்கே வெட்டினால்தான் முள், தோல், சடை, சுளை, கொட்டை எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். தோல் பயாப்ஸியை நிறுத்தி வைக்காமல் படுக்க வைத்துவிட்டால் பேத்தாலஜிஸ்ட்டுக்குக் கிடைப்பது வெறும் முள்தான். கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்ற கேள்விக்கு அந்த ஸ்லைடில் பதிலே இருக்காது. அரை விநாடியில் இடுக்கியால் செய்யும் வேலை இது.

மூன்றாம் கட்டம்: மைக்ரோடோம்

மைக்ரோடோம் என்பது பிளாக்கைச் சீவும் இயந்திரம். பக்கத்தில் ஒரு சக்கரம். ஒரு சுற்றுச் சுற்றினால் பிளாக் மேலிருந்து கீழே இறங்கிப் பிளேடில் ஒரு முறை உரசும், அதற்குள் நாம் வைத்த அளவு, 4 மைக்ரான் என்றால் 4 மைக்ரான், முன்னே வந்திருக்கும். பிளேடு நகராது, பிளாக்தான் நகரும். எங்கள் ஊர்களில் இன்னும் பெரும்பாலும் கையால் சுற்றுவதுதான். இதைக் கம்ப்யூட்டர் செய்வதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை, ஒரு ஆளின் கைதான் செய்கிறது.

கிட்டே வந்து பாருங்கள். ஐஸ் தட்டிலிருந்து எடுத்த பிளாக் பிடிப்பானில் மாட்டியிருக்கிறது. மெழுகின் மேல் மெல்லிய ஈரம். சக்கரத்தைச் சுற்றும் முன் பிளாக்குக்கு மிக அருகில் வாயைக் கொண்டுபோய் 'ஹா' என்று மெதுவாக ஊதுகிறேன். அந்த வெதுவெதுப்பான ஈரக் காற்றில் சீவல் சுருளாமல் வரும். இப்போது சக்கரம். சர்ரக், சர்ரக். முதல் சீவலின் ஓரம் அடுத்த சீவலின் ஓரத்தில் ஒட்ட, பிளேடிலிருந்து ஒரு நாடா இறங்குகிறது. ரிப்பன் என்போம். மெழுகு கண்ணாடிபோல் தெரிகிறது, நடுநடுவே சதை வெள்ளை மேகம் மாதிரி. ஈரமான பிரஷ் நுனியால் ரிப்பனைத் தூக்கி வாட்டர் பாத்தில் விடுகிறேன். மெழுகு உருகும் சூட்டைவிடப் பத்து டிகிரி போலக் குறைவாக வைத்த வெந்நீர்த் தொட்டி அது. ரிப்பன் தண்ணீரில் பட்டதும் பெருமூச்சு விட்ட மாதிரி விரிந்து, சுருக்கமெல்லாம் நீங்கும். கண்ணாடி ஸ்லைடைத் தண்ணீருக்குள் சாய்த்து அடியிலிருந்து மேலே தூக்கினால் சீவல் அதில் படிந்துவிடும்.

ஃபேன் போட முடியாது. லேசான காற்றுக்கே ரிப்பன் பறந்துவிடும். கத்திரி வெயிலில் ஏசி வேலை செய்யாத நாளில் பிளாக்கின் முகம் ஒரு நிமிஷத்தில் இளகிவிடும். சீவல் அப்பளம்போல் சுருங்கி வரும். திரும்ப ஐஸ், திரும்ப இரண்டு சுற்று, திரும்ப ஐஸ்.

இங்கே வரும் கோளாறுகளைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை கற்ற மாதிரி. ரிப்பனில் மேலிருந்து கீழாக ஒரே கோடு கிழிந்து வந்தால் பிளேடில் அந்த இடம் பொத்துவிட்டது. பெரும்பாலும் சதைக்குள் மறந்துபோன தையல் நூலோ ஸ்டேப்பிள் பின்னோ சுண்ணாம்புப் படிவோ காரணம். குறுக்கே அலை அலையாக வந்தால் ஏதோ ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது, இல்லை சதை அதிகமாகக் காய்ந்துவிட்டது. ஒரு சீவல் தடித்து ஒன்று மெலிந்து வந்தாலும் முதலில் ஸ்க்ரூவைத்தான் பார்க்க வேண்டும். சதை மட்டும் மெழுகிலிருந்து உதிர்ந்து ஓட்டை விழுந்தால் பிளேடின் மேல் குற்றமில்லை. முதல் நாள் ஃபார்மலினிலோ ராத்திரி ஆல்கஹாலிலோ அவசரப்பட்டிருக்கிறோம். நேற்றைய பிழை இன்றைக்குத்தான் முகம் காட்டும்.

பயிற்சி என்று வந்தால் இங்கேதான் நாள் பிடிக்கும். டி.எம்.எல்.டி., பி.எஸ்சி. எம்.எல்.டி. என்ற மருத்துவ லேப் படிப்புகள் படித்த பிள்ளைகள் எங்களிடம் வருகிறார்கள். புதுச்சேரியில் மருத்துவப் படிப்புக்கு நீண்ட மரபு உண்டு. இன்றைய ஜிப்மரின் வேர் 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியில் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் புத்தக அறிவு நன்றாகவே இருக்கிறது. ஆனால் படிப்பில் ரத்தம், சிறுநீர், கல்ச்சர் என்று எல்லாம் சேர்ந்திருப்பதால் மைக்ரோடோம் முன்னால் உட்காரக் கிடைத்த நேரம் கொஞ்சம்தான். நான் முதல் மாதம் நோயாளியின் பிளாக்கைத் தர மாட்டேன். ரிப்போர்ட் முடிந்து பயன்படாத மிச்சச் சதையில் பிளாக் செய்து வைத்திருக்கிறேன், அதில்தான் பழக வேண்டும். முதல் வாரம் எல்லாருக்கும் தூள்தான் வரும். "நீங்க எப்படி சார் பண்றீங்க, எனக்கு மட்டும் ஏன் வரல?" என்று ஒரு பையன் கண் கலங்கினான். அவனிடம் சக்கரத்தை வேகமாகச் சுற்றாதே, ஒரே சீராகச் சுற்று என்று மட்டும் சொன்னேன். நாலாவது வாரம் முழ நீளத்துக்கு ரிப்பன் எடுத்துவிட்டு, தூக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டான்.

பயிற்சியில் கையுறையையும் காற்றோட்டத்தையும் விட்டுவிடக் கூடாது. ஃபார்மால்டிஹைடு மனிதர்களுக்குக் கேன்சர் உண்டாக்கக்கூடியது என்று உலக அளவில் வகைப்படுத்தப்பட்ட பொருள். கண் எரிகிறது என்றால் ஜன்னல் திற, எக்ஸாஸ்ட் போடு. பழகிவிடும் என்று சொல்லிக் கொடுப்பது பாவம்.

நாலாம் கட்டம்: நிறம்

சீவி எடுத்த சதைக்கு நிறமே இல்லை. மைக்ராஸ்கோப்பில் வைத்தால் நனைந்த கண்ணாடிதான் தெரியும். அதற்குச் சாயம் ஏற்ற வேண்டும், ஸ்டெய்னிங் என்போம். அன்றாடம் பயன்படும் சாயம் இரண்டு. ஹெமடாக்ஸிலின் செல்லின் மையமான கருவுக்கு நீலம் ஏற்றும். இயோசின் மற்ற இடங்களுக்கு இளஞ்சிவப்பு ஏற்றும். கரு பெரிதாக, கறுத்து, ஒழுங்கில்லாமல் இருக்கிறதா என்று டாக்டர் தேடுவது இந்த நீலத்தைத்தான்.

ஹெமடாக்ஸிலின் மத்திய அமெரிக்கப் பகுதி மரம் ஒன்றின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையிலிருந்து வருவது. அது தானாகச் சதையில் ஒட்டாது, படிகாரம் போன்ற அலுமினிய உப்பு துணைக்கு வேண்டும். இந்தக் கடற்கரைக்கு இது புதிதில்லை. சோழமண்டலக் கரையில் சாயவேர் வைத்துத் துணிக்குச் சிவப்பேற்றியவர்களும் படிகாரத்தின் துணையோடுதான் நிறத்தை நிற்க வைத்தார்கள்.

ஹெமடாக்ஸிலினிலிருந்து எடுத்ததும் கரு செம்ஊதாவாக இருக்கும். லேசான காரத்தன்மை உள்ள தண்ணீரில் அலசினால் நீலமாகும். பல லேப்களில் குழாய்த் தண்ணீரே போதும். தண்ணீர் மாறினால் நீலமும் மாறும். வடிகட்டி எதையாவது புதிதாக மாட்டிவிட்டு மறுநாள் ஸ்லைடெல்லாம் சிவந்து வந்தால் சாயத்தைச் சந்தேகப்படும் முன் குழாயைப் பாருங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

மொத்தத்தில் கணக்கு இப்படி வரும்: முதல் நாள் ஃபார்மலின். இரண்டாம் நாள் வெட்டிக் கேசட்டில் போட்டு, ராத்திரி மெழுகேற்றம். மூன்றாம் நாள் பிளாக், சீவல், சாயம். மூன்றாம் நாள் மாலையோ நாலாம் நாளோ பேத்தாலஜிஸ்ட் பார்த்து எழுதுவது. நடுவில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் இன்னொரு நாள்.

சிலருக்குப் பத்து நாள் ஏன்?

எலும்பு என்றால் அதிலுள்ள சுண்ணாம்பை அமிலத்தில் கரைத்த பிறகுதான் சீவ முடியும். அதற்கே பல நாள். சில நேரம் டாக்டர் "இன்னும் ஆழமாகச் சீவிக் கொடு" என்பார். அது சந்தேகத்தை விட்டுவிடாமல் தேடுகிறார் என்று அர்த்தம். சில கட்டிகளுக்கு எந்தப் புரதம் இருக்கிறது என்று பார்க்கும் ஐ.எச்.சி. என்ற தனிச் சாயமுறை தேவைப்படும், அதற்கு வேறு லேபுக்கு அனுப்ப வேண்டியும் வரலாம்.

"ஆபரேஷன் நடக்கும்போதே இருபது நிமிஷத்தில் ரிசல்ட் சொன்னார்களே?" என்பார்கள். அது ஃப்ரோசன் செக்‌ஷன். மெழுகுக்குப் பதிலாக, மைனஸ் 20 டிகிரி போன்ற குளிரில் சதையையே உறைய வைத்துச் சீவுவது. சர்ஜன் தையல் போடாமல் காத்திருக்கும்போது ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல அது உதவும். படம் அவ்வளவு தெளிவாக இருக்காது. அதனால் மிச்சச் சதை அப்புறமும் மெழுகுக்குத்தான் வரும்.

உங்கள் கையில் இருப்பது

சதை பாட்டிலை உங்களிடமே கொடுத்து லேபில் சேர்க்கச் சொன்னால் மூன்றைப் பாருங்கள். பாட்டிலின் உடம்பில் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். மூடியில் இல்லை, ஏனென்றால் மூடி மாறிப்போகும். சதை முழுக்க மூழ்கி இன்னும் இடம் இருக்க வேண்டும். உள்ளே இருப்பது ஃபார்மலின்தானா என்று நர்ஸிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "சிஸ்டர், இதுல ஃபார்மலின் ஊத்தியிருக்கா?" யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். படிவத்தில் நோயாளியின் வயது, எந்த இடத்திலிருந்து எடுத்தது, முன்பு என்ன வைத்தியம் நடந்தது என்று எழுதியிருந்தால் டாக்டருக்குப் பாதி வழி தெரிந்த மாதிரி.

அடுத்து அந்தப் பிளாக். மேல்சிகிச்சைக்கு அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டுக்கோ ஜிப்மருக்கோ போகிறவர்கள் ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அங்கே "ஸ்லைடும் பிளாக்கும் எங்கே?" என்று கேட்பார்கள். மறுபடி எங்கள் லேபுக்கு வந்து, மறுபடி பஸ். சதை முழுக்க அந்த மெழுகுக் கட்டியில்தான் இருக்கிறது. பல வருடம் கழித்தும் அதிலிருந்து புதிதாகச் சீவலாம். எழுதிக் கொடுத்துக் கேட்டால் லேபில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தருவார்கள்.

முதுநகர்க்காரர் நாலாம் நாள் வந்தார். ரிப்போர்ட்டைக் கவரில் போட்டுக் கொடுத்தேன், டாக்டரிடம் காட்டச் சொன்னேன். சென்னைக்குப் போக வேண்டியிருக்கும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்களாம். பிளாக்கையும் இரண்டு ஸ்லைடையும் பஞ்சு வைத்துச் சின்ன டப்பாவில் கட்டிக் கொடுத்தேன்.

"கார்லதான் போறோம் சார். முன்னாடி டேஷ்போர்டுல வெச்சுக்கட்டுமா?"

"வேணாங்க. வெயில்ல மெழுகு இளகிடும். அம்மா கைப்பைல, உள்ள வெச்சுக்குங்க."